மெலிந்த குழந்தைகள் குறைந்தார்களா, அளந்த மாதம் மாறியதா? ஊட்டச்சத்து சர்வேயில் பருவகாலம் செய்யும் வேலை

இந்தியாவில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் உயரத்துக்கு ஏற்ற எடை இல்லாதவர்கள் 2015-16-ல் 21 சதவீதம். 2019-21-ல் 19.3 சதவீதம். தேசிய குடும்ப நல ஆய்வின் (என்எஃப்எச்எஸ்) நான்காவது, ஐந்தாவது சுற்றுகள் தரும் எண்கள் இவை.

பார்த்தவுடன் தோன்றுவது: 1.7 புள்ளி குறைந்திருக்கிறது, நல்ல செய்திதானே? ஆனால் இந்த எண்ணுக்குப் பின்னால் பலரும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. குழந்தைகளை எடை மெஷினில் நிறுத்தியது எந்த மாதத்தில்?

அறுவடை முடிந்த தை மாதமா, காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் பரவும் மழைக்காலமா? இதைப் பொறுத்து அதே ஊரில், அதே குழந்தைகளிடம்கூட வேறு வேறு எண் கிடைக்கும். அப்படியானால் இரண்டு சர்வேக்களை ஒப்பிட்டு "குறைந்தது", "கூடியது" என்று சொல்வதில் எவ்வளவு உண்மை இருக்கிறது? விரிவாகப் பார்ப்போம்.

முதலில், எதை அளக்கிறார்கள்?

குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைபாட்டை மூன்று விதமாக அளக்கிறார்கள். மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது.

• வளர்ச்சிக் குன்றல்: வயதுக்கு ஏற்ற உயரம் இல்லாதது. ஆங்கிலத்தில் 'ஸ்டன்டிங்' என்பார்கள். கர்ப்ப காலத்திலிருந்தே நீண்ட நாளாகச் சேர்ந்து வந்த குறைபாட்டின் அடையாளம்.

• உடல் மெலிவு: உயரத்துக்கு ஏற்ற எடை இல்லாதது. இதுதான் 'வேஸ்டிங்'. அண்மைய வாரங்களில் சாப்பாடு குறைந்ததையோ, நோய் வந்ததையோ காட்டும்.

• எடைக் குறைவு: வயதுக்கு ஏற்ற எடை இல்லாதது. மேலே சொன்ன இரண்டும் கலந்த எண் இது.

உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோலை வைத்துத்தான் இந்த மூன்றும் கணக்கிடப்படுகின்றன. அந்த அளவுகோலின் நடுப்புள்ளியிலிருந்து குழந்தை எவ்வளவு விலகி நிற்கிறது என்று பார்ப்பார்கள். அந்த விலகல் மைனஸ் 2-க்குக் கீழே போனால் குறைபாடு. மைனஸ் 3-க்குக் கீழே போனால் கடுமையான குறைபாடு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். உயரம் ஒருமுறை வளர்ந்துவிட்டால் குறையாது. எடை அப்படியில்லை. பத்து நாள் வயிற்றுப்போக்கில் இறங்கிவிடும், நன்றாகச் சாப்பிட்டால் ஏறிவிடும். எனவே மூன்றில் பருவகாலத்துக்கு அதிகம் ஆடும் எண், உடல் மெலிவு.

மழைக்காலத்தில் குழந்தை ஏன் மெலிகிறது?

இந்தியாவின் பெரும்பகுதிக்கு மழை என்றால் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் தென்மேற்குப் பருவமழை. அந்த மாதங்களில் ஒரு ஏழை விவசாயக் குடும்பத்தில் பல விஷயங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

முதலாவது, சாப்பாடு. போன அறுவடையில் சேர்த்த தானியம் தீரும் நேரம் அது. அடுத்த அறுவடைக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. கையிருப்புக் குறைந்து, கடன் வாங்கி ஓட்டும் காலம்.

இரண்டாவது, வேலை. நடவு, களையெடுப்பு என்று பெண்களுக்கு வயல் வேலை அதிகமாக இருக்கும் நேரமும் இதுதான். கைக்குழந்தைக்கு நேரத்துக்குப் பால் கொடுப்பதும், ஒரு வயதுக் குழந்தைக்கு அடிக்கடி ஊட்டுவதும் தடைபடும்.

மூன்றாவது, நோய். குடிநீரில் கழிவு கலப்பது, ஈ, கொசு என எல்லாம் சேர்ந்து வயிற்றுப்போக்கையும் காய்ச்சலையும் கொண்டுவருகின்றன. நோய் வந்தால் குழந்தைக்குப் பசி எடுக்காது. சாப்பிட்டதும் உடம்பில் ஒட்டாது.

மழை ஓய்ந்து, அறுவடை முடிந்து, குளிர்காலம் வரும்போது நிலைமை மாறுகிறது. வீட்டில் தானியம் இருக்கிறது, நோய் குறைகிறது, எடை மெல்ல ஏறுகிறது.

தமிழ்நாட்டுக்கு இந்தக் காலண்டர் அப்படியே பொருந்தாது. இங்கே ஆண்டு மழையில் கிட்டத்தட்டப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. அக்டோபர் மாதத்தை எடுத்துக்கொண்டால், ராஜஸ்தானில் மழை முடிந்திருக்கும், நாகப்பட்டினத்தில் அப்போதுதான் தொடங்கும். அதனால் இரண்டு மாநிலங்களை ஒரே மாதத்தில் அளந்தாலும் அது ஒரே பருவத்தில் அளந்ததாக ஆகிவிடாது.

மாற்றம் எவ்வளவு பெரியது?

'கொஞ்சம் கூடக் குறைய இருக்கும், அவ்வளவுதானே' என்று நினைக்கலாம். ஆனால் இந்த வித்தியாசம் சிறியதல்ல.

2023-ல் 'நேச்சர்' அறிவியல் இதழில் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. ஏழை மற்றும் நடுத்தர வருமான நாடுகளில் குழந்தைகளைத் தொடர்ந்து கண்காணித்த 21 ஆய்வுகளின் டேட்டாவை ஒன்றுசேர்த்து அலசியது அது. பருவமழை அதிகம் உள்ள இடங்களில், உயரத்துக்கு ஏற்ற எடையின் சராசரி ஆண்டுக்குள்ளேயே கணிசமாக ஏறி இறங்கியது. சில இடங்களில் அந்த ஏற்ற இறக்கம் அளவுகோலில் 0.5-க்கும் மேல். மழை உச்சத்தில் இருந்த மாதங்களில்தான் சராசரி மிகக் கீழே இருந்தது.

0.5 என்பது கேட்கச் சின்ன எண். ஒரு உதாரணக் கணக்குப் போட்டால் அதன் கனம் தெரியும். ஒரு ஊரில் குழந்தைகளின் சராசரி மைனஸ் 1 என்றும், எடைகள் வழக்கமான மணி வடிவ வரைபடத்தில் பரவியிருக்கின்றன என்றும் வைத்துக்கொள்வோம். மைனஸ் 2-க்குக் கீழே இருப்பவர்கள் சுமார் 16 சதவீதம். மழைக்காலத்தில் சராசரி வெறும் அரைப் புள்ளி இறங்கி மைனஸ் 1.5 ஆனால், அந்த 16 சதவீதம் கிட்டத்தட்ட 31 ஆகிவிடும்.

அதே ஊர், அதே குழந்தைகள். எண் மட்டும் ஏறக்குறைய இரட்டிப்பு. பஞ்சம் வரவில்லை, எந்தத் திட்டமும் நிறுத்தப்படவில்லை. மாதம் மட்டும்தான் மாறியது.

அதே ஆய்வில் இன்னொரு முக்கியமான தகவலும் இருக்கிறது. 24 மாத வயதில் அளந்தபோது மெலிந்திருந்த குழந்தைகள் 5.6 சதவீதம். ஆனால் பிறந்ததிலிருந்து அந்த 24 மாதங்களுக்குள் ஒருமுறையாவது மெலிந்துபோன குழந்தைகள் 29.2 சதவீதம். இரண்டு முறையோ அதற்கு மேலோ மெலிந்தவர்கள் 10 சதவீதம். ஒரு நாளில் எடுக்கும் சர்வே, ஆண்டு முழுக்க நடப்பதில் ஒரு சிறு துண்டைத்தான் பிடிக்கிறது.

என்எஃப்எச்எஸ்-5: இரண்டு கட்டம், இரண்டு பருவம்

இப்போது இந்தியாவின் பெரிய சர்வேக்கு வருவோம். என்எஃப்எச்எஸ்-5 களப்பணி ஒரே நேரத்தில் நாடு முழுக்க நடக்கவில்லை. இரண்டு கட்டமாக நடந்தது.

முதல் கட்டம்: 2019 ஜூன் 17 முதல் 2020 ஜனவரி 30 வரை. பீகார், அசாம், மகாராஷ்டிரா, தெலங்கானா, கேரளா, கர்நாடகா, மேற்கு வங்கம் உள்ளிட்ட 17 மாநிலங்களும் 5 யூனியன் பிரதேசங்களும். அதாவது, தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதி இதற்குள் வந்துவிட்டது.

இரண்டாம் கட்டம்: 2020 ஜனவரி 2 முதல் 2021 ஏப்ரல் 30 வரை. தமிழ்நாடு, உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், ராஜஸ்தான், ஜார்கண்ட், ஹரியானா, பஞ்சாப் உள்ளிட்ட 11 மாநிலங்களும் 3 யூனியன் பிரதேசங்களும். இடையில் 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது. களப்பணி நின்றது. மழை மாதங்கள் கடந்த பிறகுதான் மீண்டும் தொடங்கியது. அதனால் இரண்டாம் கட்ட மாநிலங்களில் அளவெடுப்பு பெரும்பாலும் குளிர்காலத்திலும் கோடையின் தொடக்கத்திலும் நடந்தது. தென்மேற்குப் பருவமழை மாதங்கள் விடுபட்டுப் போயின.

இப்போது இரண்டு கட்ட மாநிலங்களின் உடல் மெலிவு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். முதலில் வருவது என்எஃப்எச்எஸ்-4, அடுத்தது என்எஃப்எச்எஸ்-5.

முதல் கட்டம் (மழைக்காலம் சேர்ந்தது):
• பீகார்: 20.8 சதவீதம், 22.9 சதவீதம்
• அசாம்: 17, 21.7
• தெலங்கானா: சுமார் 18, 21.7
• மகாராஷ்டிரா: 25.6, 25.6
• கேரளா: 15.7, 15.8

இரண்டாம் கட்டம் (மழைக்காலம் விடுபட்டது):
• ஹரியானா: 21.2 சதவீதம், 11.5 சதவீதம்
• பஞ்சாப்: 15.6, 10.6
• ராஜஸ்தான்: 23, 16.8
• மத்தியப்பிரதேசம்: 25.8, 19
• ஜார்கண்ட்: 29, 22.4
• தமிழ்நாடு: 19.7, 14.6

மழையில் அளந்த இந்த மாநிலங்களில் எண் அசையவில்லை, அல்லது ஏறியது. மழையைத் தவிர்த்து அளந்த மாநிலங்களில் மளமளவென்று இறங்கியிருக்கிறது. ஹரியானாவில் ஐந்து ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாகக் கணக்கு சொல்கிறது.

முதல் கட்ட முடிவுகள் 2020 டிசம்பரில் வந்தபோது, 'குழந்தைகள் ஊட்டச்சத்தில் இந்தியா பின்னோக்கிப் போகிறது' என்று விவாதம் நடந்தது. 2021 நவம்பரில் இரண்டாம் கட்ட எண்கள் சேர்ந்ததும் 'முன்னேற்றம்' என்று பேச்சு மாறியது. இரண்டு பேச்சுக்கும் அடியில் இருந்த அளவெடுப்பு மாதங்களைப் பற்றிப் பெரிதாக யாரும் பேசவில்லை.

அப்படியென்றால் எல்லாமே பருவகாலம்தானா?

இல்லை. அப்படிச் சொன்னால் அதுவும் தவறு.

கர்நாடகாவைப் பாருங்கள். முதல் கட்டத்தில், மழை மாதங்களும் சேர்த்து அளக்கப்பட்ட மாநிலம். ஆனாலும் 26.1-லிருந்து 19.5-க்குக் குறைந்திருக்கிறது. மறுபக்கம் உத்தரப்பிரதேசம் இரண்டாம் கட்டத்தில் வந்தது. அங்கே 17.9 என்பது 17.3 ஆனதோடு சரி. பருவகாலம் மட்டுமே காரணம் என்றால் இந்த இரண்டும் நேர்மாறாக இருந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, என்எஃப்எச்எஸ்-4-ம் ஒரே மாதத்தில் நடந்ததல்ல. 2015 ஜனவரி முதல் 2016 டிசம்பர் வரை, ஒவ்வொரு மாநிலத்திலும் வேறு வேறு மாதங்களில் நடந்தது. எனவே ஒவ்வொரு மாநிலத்திலும் 'அப்போது எந்த மாதம், இப்போது எந்த மாதம்' என்று தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

இதோடு அளவெடுக்கும் குழுவின் பயிற்சி, அழுது துள்ளும் குழந்தையைப் பலகையில் நேராகப் படுக்கவைத்து நீளம் அளப்பதில் வரும் பிழை, ஊரடங்குக் காலத்தின் தாக்கம் என்று வேறு காரணங்களும் இருக்கின்றன. உண்மையான முன்னேற்றமும் இருக்கலாம். சிக்கல் என்னவென்றால், இவற்றில் எது எவ்வளவு என்று அந்த ஒற்றை எண்ணைப் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டின் 14.6-ஐ எப்படிப் படிப்பது?

தமிழ்நாட்டில் என்எஃப்எச்எஸ்-5 அளவெடுப்பு இரண்டு துண்டாக நடந்தது. ஒன்று, 2020 ஜனவரி முதல் ஊரடங்குக்கு முன்பு மார்ச் வரை. மற்றொன்று, 2020 டிசம்பர் கடைசியில் தொடங்கி 2021 மார்ச் வரை. இரண்டுமே பொங்கலை ஒட்டிய காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, டெல்டாவில் சம்பா அறுவடை நடக்கும் நேரம். அதற்கு முந்தைய என்எஃப்எச்எஸ்-4, இங்கே 2015-ல் கோடை மாதங்களையும் சேர்த்து நடந்தது.

உடல் மெலிவு 19.7-லிருந்து 14.6 ஆனது, 5.1 புள்ளி சரிவு. அதே காலத்தில் வளர்ச்சிக் குன்றல் 27.1-லிருந்து 25 ஆனது. வயதுக்கு ஏற்ற எடைக் குறைவு 23.8-லிருந்து 22 ஆனது. இந்த இரண்டும் தலா 2 புள்ளி அளவுக்குத்தான் இறங்கியிருக்கின்றன.

மூன்றும் ஒரே திசையில் போவது நல்ல அறிகுறி. முன்னேற்றம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று மட்டும் மற்ற இரண்டைவிட இரண்டு மடங்குக்கு மேல் வேகமாக இறங்கியிருந்தால், அந்த வேகத்தை முழுக்க நம்புவதற்கு முன் அளந்த மாதத்தையும் அளந்த விதத்தையும் சரிபார்க்க வேண்டும். ஐப்பசி அடைமழையில் அளந்திருந்தால் இதே 14.6 வந்திருக்குமா என்ற கேள்விக்கு, அந்த சர்வேயிலிருந்து பதில் கிடைக்காது.

ஒரே நாடு, நான்கு எண்

இந்தக் குழப்பம் என்எஃப்எச்எஸ்-க்குள் மட்டும் இல்லை.

2013 நவம்பர் முதல் 2014 மே வரை மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகமும் யூனிசெஃபும் சேர்ந்து நடத்திய 'குழந்தைகள் விரைவு சர்வே'யில் உடல் மெலிவு 15.1 சதவீதம். அடுத்து 2015-16-ல் நடந்த என்எஃப்எச்எஸ்-4-ல் 21 சதவீதம். அதற்கடுத்து 2016-18-ல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து சர்வேயில் 17.3 சதவீதம். பிறகு என்எஃப்எச்எஸ்-5-ல் 19.3 சதவீதம்.

15, 21, 17, 19. இதை அப்படியே ஒரு கோடாக வரைந்தால், இந்தியக் குழந்தைகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மெலிந்து தேறி, மறுபடி மெலிந்ததுபோல் தெரியும். நாட்டின் வறுமையோ உணவு விநியோகமோ அப்படி ஊஞ்சல் ஆடவில்லை. முதல் சர்வே நடந்த மாதங்களைக் கவனித்தால் ஒரு துப்புக் கிடைக்கிறது. நவம்பர் முதல் மே வரை நடந்த அந்த சர்வே, தென்மேற்குப் பருவமழையை முழுக்கத் தவிர்த்துவிட்டது. நான்கில் குறைந்த எண் தந்ததும் அதுதான்.

வளர்ச்சிக் குன்றல் எண் இப்படி ஆடவில்லை. 2005-06-ல் 48 சதவீதம், 2015-16-ல் 38.4, 2019-21-ல் 35.5 என்று ஒரே திசையில் இறங்கியிருக்கிறது.

யூனிசெஃப், உலக சுகாதார நிறுவனம், உலக வங்கி மூன்றும் சேர்ந்து வெளியிடும் உலகளாவிய மதிப்பீட்டில் இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். வளர்ச்சிக் குன்றலுக்கு நாடுவாரியாக ஆண்டு வரிசை மதிப்பீடு தருகிறார்கள். உடல் மெலிவுக்கு அப்படித் தருவதில்லை. ஆண்டுக்குள்ளேயே வேகமாக மாறும் ஒன்றை, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் சர்வேயை வைத்து ஆண்டு வரிசையாக்க முடியாது என்பதுதான் காரணம்.

7.2-ஆ, 18.7-ஆ?

2023-ல் உலகப் பட்டினிக் குறியீடு வெளியானபோது 125 நாடுகளில் இந்தியாவுக்கு 111-வது இடம் கிடைத்தது. அதில் இந்தியாவின் உடல் மெலிவு 18.7 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டிருந்தது. மத்திய அரசு இதைக் கடுமையாக மறுத்தது. அங்கன்வாடிகளில் மாதந்தோறும் பதிவாகும் 'போஷன் டிராக்கர்' செயலியின்படி, மாதாமாதம் 7.2 சதவீதத்துக்குக் கீழேதான் இருக்கிறது என்று அமைச்சகம் சொன்னது.

இந்த இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பருவகாலத்தால் மட்டும் விளக்க முடியாது. யாரை அளக்கிறார்கள் என்பதே வேறு. சர்வே குழு வீடு வீடாகப் போய், குலுக்கல் முறையில் தேர்ந்த குடும்பங்களில் அளக்கிறது. போஷன் டிராக்கரில் அங்கன்வாடியில் பதிவான குழந்தைகளை, அந்த அங்கன்வாடி ஊழியரே அளக்கிறார்.

ஆனால் போஷன் டிராக்கருக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது. அது மாதாமாதம் அளக்கிறது. சர்வேக்களால் செய்ய முடியாத வேலை இது. அளவெடுப்பு சரியாக நடந்தால், எந்த மாவட்டத்தில் எந்த மாதம் குழந்தைகள் மெலிகிறார்கள் என்பதை அந்த டேட்டா காட்டிவிடும். அது சரியாக இருக்கிறதா என்று சோதிக்கவும் பருவகாலமே உதவும். மழைக்காலம் வந்தும், அறுவடை முடிந்தும் ஒரு மாவட்டத்தின் எண் அசையாமல் அப்படியே நின்றால், எடை மெஷினையும் பதிவேட்டையும் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

இதனால் யாருக்கு என்ன பாதிப்பு?

'புள்ளிவிவரச் சண்டை, நமக்கென்ன' என்று விட்டுவிட முடியாது. கடுமையாக மெலிந்த குழந்தை இறந்துபோகும் ஆபத்து, நல்ல ஊட்டத்தில் இருக்கும் குழந்தையைவிட 11 மடங்குக்கும் மேல் என்று ஆய்வுகள் சொல்கின்றன. சாதாரண வயிற்றுப்போக்கோ நிமோனியாவோகூட அந்த உடம்பு தாங்காது.

தவறான மாதத்தில் எடுத்த எண்ணை நம்பினால் மூன்று இடங்களில் அடி விழும்.

ஒன்று, தயாரிப்பு. ஓர் ஆண்டில் எத்தனை குழந்தைகளுக்குச் சிகிச்சை தேவைப்படும் என்று கணக்கிட, சர்வே எண்ணை ஒரு பெருக்கு எண்ணால் பெருக்குவார்கள். பல நாடுகளில் நெடுநாளாகப் பயன்பட்ட பெருக்கு எண் 2.6. சர்வே, ஆண்டின் நல்ல மாதத்தில் எடுத்ததென்றால் அந்தக் குறைவும் சேர்ந்து பெருகும். மழைக்காலத்தில் சிகிச்சை உணவும் படுக்கையும் பற்றாமல் போகும்.

இரண்டு, திட்ட மதிப்பீடு. ஒரு மாவட்டத்தில் செப்டம்பரில் அளந்து, சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி, பிப்ரவரியில் மறுபடி அளந்தால் எண் குறைந்திருக்கும். திட்டம் வேலை செய்யாவிட்டாலும் குறையும். பிப்ரவரியில் தொடங்கி செப்டம்பரில் அளந்தாலோ, நல்ல திட்டம்கூடத் தோற்றதுபோல் தெரியும். நல்லதை நிறுத்தி, பயனற்றதைத் தொடர அரசுக்கு அதுவே காரணமாகிவிடும்.

மூன்று, இலக்கு. உடல் மெலிவை 2030-க்குள் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது உலக இலக்கு. தூரம் எவ்வளவு என்று தெரியாமல் வேகத்தைத் திட்டமிட முடியாது.

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன?

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது.

வங்கதேசத்தில் 1990 முதல் பல ஆண்டுகள், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குழந்தைகளை அளக்கும் ஊட்டச்சத்துக் கண்காணிப்புத் திட்டம் நடந்தது. பின்னர் வந்த இன்னொரு திட்டம், ஆண்டுக்கு மூன்று சுற்று, மூன்று பருவத்துக்கும் தனித்தனியாக அளந்தது. அதனால் போன ஆண்டு மழைக்காலத்தை இந்த ஆண்டு மழைக்காலத்தோடு ஒப்பிட முடிந்தது.

பஞ்சத்தால் அடிக்கடி பாதிக்கப்படும் சோமாலியாவில், இரண்டு மழைப் பருவங்களுக்குப் பிறகும் தனித்தனியாக மதிப்பீடு நடக்கிறது. 'கூ' பருவ எண்ணைப் பழைய 'கூ' பருவத்தோடும், 'டேய்ர்' பருவ எண்ணைப் பழைய 'டேய்ர்' பருவத்தோடும் ஒப்பிடுகிறார்கள்.

பெரு நாடு இன்னொரு வழியில் போனது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பெரிய சர்வே நடத்துவதற்குப் பதிலாக, 2004 முதல் தொடர் சர்வே முறைக்கு மாறியது. ஆண்டு முழுக்கக் களப்பணி நடப்பதால் எல்லாப் பருவமும் அதற்குள் வந்துவிடும்.

இந்தியாவில் செலவில்லாமல் உடனே செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. எந்தக் குழந்தை எந்தத் தேதியில் அளக்கப்பட்டது என்பது சர்வே பதிவுகளிலேயே உண்டு. மாநில எண்ணை வெளியிடும்போது, மாதவாரியாக எத்தனை குழந்தைகள் அளக்கப்பட்டார்கள் என்ற பட்டியலையும் பக்கத்தில் போட்டால் போதும். பருவத்துக்கு ஏற்ப எண்ணைச் சரிசெய்து ஒப்பிடும் கணக்கு முறைகள் ஏற்கெனவே இருக்கின்றன.

அடுத்த முறை இப்படி ஒரு எண்ணைப் பார்த்தால்...

என்எஃப்எச்எஸ்-5 எண்களை அடுத்தடுத்த சுற்றுகளோடு ஒப்பிட்டு 'உயர்ந்தது', 'சரிந்தது' என்று வரும் செய்திகளைப் படிக்கும்போது, கீழே உள்ள நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

• எந்த எண்? வளர்ச்சிக் குன்றலா, உடல் மெலிவா, எடைக் குறைவா?
• இரண்டு சர்வேயும் அந்த மாநிலத்தில் எந்தெந்த மாதங்களில் நடந்தன? ஒரே பருவமா?
• மூன்று எண்களும் ஒரே திசையில் போகின்றனவா, ஒன்று மட்டும் தனியாகப் பாய்கிறதா?
• அளந்தது யார்? வீடு வீடாகப் போன சர்வே குழுவா, மையத்துக்கு வந்த குழந்தைகளை அளந்த ஊழியரா?

இரண்டாவது கேள்விக்கு விடை கிடைக்காத வரை, உடல் மெலிவு எண்ணை அளந்த மாதங்களின் நிலவரமாக மட்டுமே எடுத்துக்கொள்ளலாம். ஐந்து ஆண்டு முன்னேற்றத்துக்கோ சரிவுக்கோ அதை மட்டும் ஆதாரமாக வைக்க முடியாது.